பாலாடையில் குடித்த குஞ்சுகள்

எங்கள் தெருவில் தண்ணீருக்கு நிறம் உண்டு. நகரிப் பக்கத்தில் தறிக்காரர்கள் வாழும் தெரு அது. சாயம் தோய்க்கிற நாட்களில் சாக்கடை காலையில் சிவப்பாகவும் மாலையில் பச்சையாகவும் ஓடும். குடிக்கக் கேன் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர் என்பது வீட்டுச் சட்டம். கோழிகள் அந்த மற்ற எல்லாவற்றிலும் சேர்த்தி.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது, நைனாவின் தங்கையான அத்தை, ஏர்பேட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். எந்நேரமும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சோறு வைத்தால் பிசைந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுவாள். அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று அம்மா கண்ணை உருட்டிச் சொல்லியிருந்தாள். எனக்கோ கேள்வி கேட்பதைத் தவிர வேறு தொழில் கிடையாது.

பின்கட்டில் பழைய நூல் கூடையில் அடைகாத்த கோழி, குஞ்சு பொரித்த அன்றே நாய்க்கு இரையாகிவிட்டது. தாயில்லாத குஞ்சுகள் கத்தித் தீர்த்தன. அம்மா அவசரத்தில் கைக்கு அகப்பட்ட கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள். அது சாயம் மொள்ளுகிற கிண்ணம். எத்தனை தேய்த்தாலும் அதன் விளிம்பில் சாயம் போகாது. தறிக்கார வீட்டுக் கண்ணுக்கு அது தெரியவும் தெரியாது. சற்று நேரத்தில் ஒரு குஞ்சின் மூக்கு ரோஜா நிறமாகிவிட்டது. இன்னொன்று கிண்ணத்துக்குள் விழுந்து நனைந்து துவண்டது. எனக்கு அந்த ரோஜா மூக்குதான் கண்ணில் பட்டது.

"அத்தே, இங்க பாரேன், லிப்ஸ்டிக் போட்டுக்கினு இருக்குது!"

அத்தை திரும்பிப் பார்த்தாள். அடுத்த கணம் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து ஓடிவந்தாள். நனைந்த குஞ்சை முந்தானையில் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி! பச்ச உசுருங்களுக்கு இன்னா தண்ணி வச்சிக்கிற?"

வந்த நாளிலிருந்து அவள் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா கேன் தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். "மனுசனுக்கு வாங்கின தண்ணி கோழிக்கா?" என்று ஆரம்பித்த நைனா, தங்கை முகத்தைப் பார்த்ததும் இன்னொரு கேன் வாங்கிவர சைக்கிளை எடுத்தார்.

காய்ச்சிய தண்ணீர் ஆறியதும் அத்தை துளி வெல்லம் கரைத்தாள். பிறகு தன் துணிப்பையின் அடியிலிருந்து ஒரு பாலாடையை எடுத்தாள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற அந்தச் சின்ன வெள்ளிப் பாலாடை புத்தம் புதிதாக மின்னியது. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு, துவண்ட குஞ்சின் மூக்கில் நின்றது. குஞ்சு கண்ணைத் திறந்தது. சொட்டை வாங்கி, தலையை நிமிர்த்தி மேலே பார்த்து விழுங்கியது. அத்தனூண்டு தொண்டைக்குள் தண்ணீர் இறங்குவது வெளியே தெரிந்தது.

மற்ற குஞ்சுகளுக்குத் தட்டையான மூடியில் தண்ணீர் ஊற்றி, அவை விழுந்துவிடாதபடி என் கோலிகுண்டுகளை வாங்கி அதில் பரப்பினாள். பளபளப்பைக் கொத்த வந்த குஞ்சுகள் தண்ணீரைக் கண்டுகொண்டன. ஒவ்வொன்றும் குடித்துக் குடித்து வானத்தைப் பார்த்தது. அன்று இரவு அத்தை சோறு தின்றாள்.

"இந்தப் பாலாடை யாருக்கு வாங்கின அத்தே?" என்று கேட்டேன்.

அவள் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இதுங்களுக்குத்தான்."

நான் பிரமித்துப்போனேன். இங்கே குஞ்சு பொரிக்கும், தாய்க்கோழி செத்துப்போகும் என்று ஏர்பேட்டிலேயே தெரிந்துகொண்டு வாங்கி வந்திருக்கிறாளே! எங்கள் அத்தைக்கு நடக்கப்போவதெல்லாம் முன்னாலேயே தெரியும் என்று மறுநாள் தெரு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். பொத்தும்போது அம்மா ஏன் அழுதாள் என்று எனக்குப் புரியவே இல்லை.