ஐந்து பேர் சேரக் கூடாது

ஆட்சியைக் கலைத்த வாரம் ஊரெங்கும் கல்வீச்சு. ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்று தடையுத்தரவு. அப்போதுதான் அப்பா இறந்தார். பாடை தூக்க நாலு பேர், நெருப்புச்சட்டியோடு நான். குருசுக்குப்பம் சந்துமுனையில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் விரல் நீட்டி எண்ணினார்.

"அஞ்சாவுது. நீ தனியா முன்னால போ."

பிணத்துக்குமா சட்டம்? நூறடி முன்னால் நடந்தேன். பறை இல்லை. சாத்திய சன்னல்களுக்குள் சொந்தக்காரர்கள் மூச்சுவிடுவது கேட்டது.

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. தூக்கியவர்கள் பின்னால் வர, அதே நூறடி முன்னால் நடந்து அதே முனைக்கு வந்தேன். போலீஸ்காரர் எனக்குப் பின்னால் பார்த்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"போவசொல்ல பின்னால நாலு பேருதான வந்தாங்க. இப்ப இன்னா, அஞ்சு பேரு வராங்க?"

நான் திரும்பவில்லை.