அணைக்குக் கீழே அப்பாவின் திவசம்

எங்கள் அப்பா சாப்பாட்டு விஷயத்தில் பொல்லாத மனுசன். சோறு கொஞ்சம் குழைந்தாலும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார். அப்படிப்பட்டவர், நான் உருட்டிய பிண்டத்தை, அதுவும் சிட்னியில், முண்டியடித்துக்கொண்டு வந்து சாப்பிடுகிறார் என்று ஐந்து வருடம் நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கோயில் முழுக்கச் சொல்லியும் திரிந்தேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் காலமானபோது நான் இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே சண்டை, பாதை பூட்டு. செய்தி வந்து சேரவே ஒன்பது நாள் ஆனது. மூத்த மகன் நான் வைக்கவேண்டிய கொள்ளியை அயல்வீட்டுக்காரர் வைத்தாராம். அது என்னை விடவேயில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்றாலும் அப்பாவின் முகம்தான் வரும். கோபமாக இருக்கிறாரோ, பசியோடு இருக்கிறாரோ, நான் கொடுப்பது அவரிடம் போய்ச் சேருகிறதோ?

ஆகவே ஐப்பசியில் வரும் அவருடைய திதியை ஒரு வருடமும் விட்டதில்லை. கோயில் ஐயர் திவசத்தை முடித்து, பிண்டத்தை வாழையிலையில் சுற்றித் தந்து, "ஓடுற தண்ணியிலை விட்டுட்டுத் திரும்பிப் பாராமல் போங்கோ" என்பார். முதல் சில வருடங்கள் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். அலை பிண்டத்தைத் திருப்பி என் காலடியிலேயே போட்டது. அப்பா கோப்பையைத் தள்ளுவது மாதிரியே இருந்தது.

பிறகுதான் அந்த ஆற்றைக் கண்டுபிடித்தேன். சிட்னியின் கிரவீன் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்சத் தூரம். ஆற்றுக்குக் குறுக்கே பழைய காலத்துச் சீமெந்துத் தடுப்பணை, ஆள் உயரம். அணைக்கு மேலே தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். கீழேதான் கல்லுகளுக்கு நடுவே சலசலவென்று ஓடும். ஐயர் சொன்னது ஓடுகிற தண்ணீர் அல்லவா? கீழே இறங்கினேன்.

பிண்டத்தை விட்டு இன்னும் கையை எடுக்கவில்லை, மீன் மொய்த்துவிட்டது. விரல் நீளக் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், அணையின் அடியில் தலையை வைத்துத் துடித்துக்கொண்டு நின்றன. சோற்றைக் கொத்தின, என் விரலையும் கொத்தின. திரும்பிப் பாராமல் போ என்ற சொல்லை அங்கேயே மீறினேன். ஈரக் கல்லில் குந்தியிருந்து, "அப்பா, சாப்பிடுங்கோ" என்று அழுதேன்.

அடுத்த வருடமும் அதே திதிக்கு அதே கூட்டம். ஆடி அமாவாசைக்குப் போனால் மட்டும் ஒன்றும் இராது. அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. அப்பா குளிருக்குப் பயந்தவர். ஊர் மார்கழிக்கே போர்வையை விட்டு வெளியே வராதவர், சிட்னி ஆடிக் குளிருக்கு எழும்பி வருவாரா?

மனைவிக்கு மட்டும் சந்தேகம். "மாமா மச்சம் மாமிசம் இல்லாமல் ஒரு வாய் வையாத மனுசன். இப்ப மீனாய் வந்து எள்ளுச்சோறு தின்னுறாரோ?"

"அங்கை போனாப் பிறகு ஆக்கள் திருந்துவினமப்பா."

"உங்கடை ஆக்களோ?"

நான் காது கொடுக்கவில்லை. கோயில் அன்னதான மண்டபத்தில், வாளியும் கரண்டியுமாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டே, ஒவ்வொரு இலைக்கும் அந்தக் கதையையும் சேர்த்துப் பரிமாறினேன். மற்றவர்களுடைய பிண்டத்தைக் கடல் திருப்பித் தருகிறது. என்னுடையதை அப்பா நேரில் வந்து வாங்குகிறார்! சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.

அதன் பலன், அடுத்த ஐப்பசியில் அணைக்குக் கீழே கார் விட இடமில்லை. கெல்லிவில்லில் இருந்து ஒரு இந்தியத் தம்பதிகூட வந்திருந்தார்கள். "அங்கிள், இங்கதானே மீன் வரும்னு சொன்னீங்க?" என்று அந்தப் பெண்பிள்ளை கேட்டது. "ஓம் ஓம், கொஞ்சம் இடப்பக்கமாய் விடுங்கோ" என்று, ஆற்றை எழுதி வாங்கினவன் மாதிரி வழிகாட்டினேன். மீனுக்குப் பின்னால் கறுத்த பறவைகளும் வந்து அணையின் மேல் வரிசையாகச் செட்டையை விரித்துக்கொண்டு நின்றன. "காகமும் வந்திட்டுது!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். கால் அகன்ற, கழுத்து நீண்ட காகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருந்தாலும் ஆஸ்திரேலியாவில் எல்லாமே கொஞ்சம் வித்தியாசம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது வருடம் நான் போனபோது, மார்பு வரை ரப்பர் காற்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் தண்ணீருக்குள் நின்றாள். கையில் வலை, கரையில் வாளிகள். மீன்வளத் திணைக்களத்து ஆள்.

நான் இலையைப் பிரிப்பதைக் கண்டு, "ஏன் இதுகளுக்குச் சோறு போடுகிறாய்?" என்று கேட்டாள்.

என் ஆங்கிலத்தில், "மை ஃபாதர்" என்றேன்.

அவள் மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. நானும் விடாமல், வருடா வருடம் வருகிறார், அக்டோபர் நவம்பரில் மட்டும் வருகிறார் என்றெல்லாம் சொல்லி முடித்தேன். அவள் கரையேறி வந்து என் பக்கத்துக் கல்லில் இருந்தாள். எனக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

இதுகள் பாஸ் என்ற மீனின் குஞ்சுகள். பெரிய மீன்கள் குளிர்காலத்தில் கழிமுகத்துக்கு இறங்கி முட்டையிடும். குஞ்சுகள் வளர்ந்து, வசந்தத்தில் ஆற்றின் மேலே நல்ல தண்ணீருக்கு ஏறிப்போக வேண்டும். அணை மறிக்கிறது. முன்பெல்லாம் பெருமழையில் வெள்ளம் அணையை மூடிப் பாயும், குஞ்சுகள் மேலால் நீந்திப் போய்விடும். இப்போது வருடக்கணக்காக மழையில்லை. பக்கத்தில் மீன் ஏறுவதற்கென்று கட்டிய படிக்கட்டும் குப்பை அடைத்துக் கிடக்கிறது. எனக்கு இங்கத்தை மீன் என்றால் டின்னில் வரும் சால்மன், எங்கள் பேச்சில் சமன், அதுதான் தெரியும் என்றேன். சமனுக்கும் இதே கதிதான், ஆனால் மறுவளமாக, என்றாள். அதன் குஞ்சு ஆற்றில் பிறந்து கடலுக்கு இறங்கவேண்டும். அணை அதையும் விடாது.

"அப்ப இதுகள் சாப்பிட வரேல்லையோ?"

"இல்லை. போக வழியில்லாமல் நிற்கின்றன. நீ போடும் சோறு இதுகளை ஒரே இடத்தில் கட்டிப்போடுகிறது. பறவைகளுக்கு வசதி."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கறுத்த பறவை ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு குஞ்சைக் கவ்வி விழுங்கியது. நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்ட காகம்!

எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக வந்தது. இதுவரை கொடுத்த ஒன்றுமே அப்பாவிடம் போகவில்லையா? பிண்டம் இலையோடு மடியில் கிடந்தது. அவள் ஒரு வாளியை என் பக்கம் தள்ளி, "உதவி செய்கிறாயா?" என்றாள்.

பிண்டத்தைக் கரைக் கல்லில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். அவள் வலையால் அள்ளி வாளியில் விட, நான் கரையேறி அணைக்கு மேலே கொண்டுபோய்ச் சரித்தேன். தண்ணீரில் விழுந்த குஞ்சுகள் ஒரு கணம் திகைத்து நின்றன. பிறகு தலையை ஆற்றின் மேற்பக்கம் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டன. ஐயர் எனக்குச் சொன்னதை அதுகள்தான் செய்தன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பு விட்டுப்போகும் வரை தூக்கினேன். கடைசியில் இரண்டு பேருமாகப் படிக்கட்டுக்குள் சிக்கியிருந்த கடைத் தள்ளுவண்டி ஒன்றை இழுத்து எடுத்தோம்.

அந்த ஞாயிறு அன்னதான மண்டபத்தில், அதே சாம்பார் வாளியோடு, உண்மையையும் இலை இலையாகப் பரிமாறினேன். "அண்ணை, எங்கடை பிதிரையெல்லாம் பறவைக்குப் பிடிச்சுக் குடுத்திட்டியளே" என்று ஒருவர் பகிடி பண்ணினார். ஐயர் மட்டும், "பிண்டத்தை வீட்டுத் தோட்டத்து மண்ணிலை தாட்டாலும் சரிதான்" என்றார். இதை ஐந்து வருடத்துக்கு முதல் கேட்டிருக்கலாம். கேட்கிற வாயாலேயே நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேனே.

அடுத்த ஐப்பசியில் திதிக்கு முதல் மூன்று நாளும் மழை கொட்டியது. பிண்டத்தைத் தோட்டத்துத் தேசிமரத்தடியில் தாட்டுவிட்டு, மனம் கேளாமல் குடையோடு ஆற்றுக்குப் போனேன். அணையைக் காணவில்லை. அதன் மேலால் ஆறு ஒரே மட்டமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. வழக்கமாகக் குஞ்சுகள் முட்டிக்கொண்டு நிற்கும் மூலையில் வெறும் கலங்கல் தண்ணீர். பறவையும் இல்லை. கையைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வந்து கொத்தவில்லை. கனநேரம் அப்படியே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்தவரோ மாமா?"

"ஒருத்தரும் வரேல்லை."

"அப்ப ஏனப்பா சிரிக்கிறியள்?"

"வழி விட்டிட்டுதப்பா" என்றேன். "எல்லாரும் ஏறிப் போயிட்டினம்."

அவள் என்னையும் சொட்டும் வேட்டியையும் பார்த்தாள். பிறகு சோற்றுப் பானையைத் திறந்து, குழைந்துவிட்டதோ என்று இரண்டு விரலால் நசித்துப் பார்த்தாள்.