விமானம் வராத கொட்டகை

அந்த விமானத் தளத்தில் எலெக்ட்ரீஷியனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. எல்லோருக்கும் அவர் ‘ஆறு மாசம்’தான்.

கல்யாணமாகாத வாலிபனாக வேலையில் சேர்ந்த முதல் நாளே, தளத்தின் வேலியோரம் புதிதாகக் கட்டி முடித்திருந்த பெரிய விமானக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். “புது விமானம் வர்ற வரைக்கும் லைட்டு, கதவு மோட்டாரு எல்லாம் பாத்துக்கப்பா. ஆறு மாசம்தான்” என்றார் அதிகாரி. இவரும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் “ஆறு மாசம்தான், அப்புறம் வேற இடம்” என்று சொல்லித் திரிந்தார். பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. விமானம்தான் வரவில்லை.

முதலில் தேர்ந்தெடுத்த விமானத்துக்கு விலை படியவில்லை. இன்னொரு நாட்டு விமானம் வந்து, வானத்தில் இரண்டு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுப் போனது. அதற்குள் அரசாங்கம் மாற, கோப்பு மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பியது. குழு போட்டார்கள். அந்தக் குழு சரியாகத்தான் வேலை செய்ததா என்று பார்க்க இன்னொரு குழு. இத்தனைக்கும் நடுவில் சரக்குகளைச் சுமந்தவை, பழைய கொட்டகையில் நின்ற பழைய விமானங்கள். அவற்றில் மூத்ததற்குக் ‘கிழவி’ என்று பெயர். ஆறு மாசத்தின் அப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் வரைந்த வடிவம் அது. இன்ஜின் மாற்றினார்கள், இறக்கைத் தகடு மாற்றினார்கள், விமானியின் முன்னால் இருக்கும் முள்ளுக் கருவிகளை எடுத்துவிட்டுத் திரை வைத்தார்கள். கிழவி பறந்துகொண்டே இருந்தாள்.

“அவகிட்ட பழசுன்னு மிச்சம் இருக்கறது கோபம் மட்டும்தான்” என்பார் அவளைப் பழுது பார்க்கும் ஃபோர்மன்.

காலியாகக் கிடந்த புதுக் கொட்டகையை ஊழியர்கள் சும்மா விடவில்லை. தரையில் வெள்ளைக் கோடு போட்டு பேட்மின்டன் ஆடினார்கள். பின்சுவரில் படம் ஓட்டினார்கள். புயல் வந்தபோது குடியிருப்பே பாய் தலையணையோடு அங்கே வந்து படுத்தது. ஒரு சாயங்காலம், கான்வாஸ் உறை தைக்கும் பிரிவில் வேலை பார்த்த பெண் அடித்த பந்து, உச்சி விளக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. ‘ஆறு மாசம்’ ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தார். மறுநாளும் அதே விளக்கில் பந்து. அதற்கு மறுநாளும். “இவ்வளவு குறி பாத்து அடிக்கறவங்க ஏன் தினமும் தோக்கறீங்க?” என்று கேட்டார். அவள் சிரித்தாள். அந்தக் கொட்டகையில் நடந்த முதல் கல்யாணம் அவர்களுடையது.

மகள் சைக்கிள் கற்றது அங்கே. முன்பல் உடைந்ததும் அங்கேதான். நர்ஸாகி, தனக்கு ஒரு மாப்பிள்ளையையும் பார்த்துக்கொண்டு வந்து நின்றவள், “கல்யாணம் நம்ம கொட்டகையிலதாம்ப்பா” என்றாள். அப்போதிருந்த தளக் கமாண்டரும் தலையாட்டிவிட்டார்.

பத்திரிகை அடித்த பிறகு சுற்றறிக்கை வந்தது: அடுத்த மாத முதல் வாரத்தில் புது விமானங்கள் வருகின்றன.

தேநீர்க் கடையில் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. வீட்டில் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

“என்னங்க, எதுக்கும் வெளியில ஒரு மண்டபம் சொல்லி வச்சிடலாமே.”

“இருபத்தாறு வருஷமா வராதது இப்ப வந்து குதிச்சிடுமாக்கும்? போடி.”

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தத் தளத்தில் தேதியை நம்பி யாரும் ஒரு செடிகூட இடம் மாற்றி வைத்ததில்லை.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ஏணி மேல் நின்று வண்ண விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார். வெளியே பழக்கமில்லாத ஒரு சத்தம். கிழவியின் இருமல் இல்லை. பட்டுத் துணியைக் கிழிப்பதுபோல் சர்ரென்று ஒரு ஒலி. திரும்பிப் பார்த்தார். ஓடுபாதையில் ஒன்று இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று.

சாயங்காலத்துக்குள் அவையிரண்டும் கொட்டகைக்குள் நின்றன. ஒன்றின் முன்சக்கரம் பேட்மின்டன் கோட்டின் மேல் இருந்தது. கட்டிய சரத்தை ஆறு மாசமே அவிழ்த்துச் சுருட்டினார். வெளியே எல்லா மண்டபமும் நிரம்பியிருந்தது.

“நான் ஒண்ணும் சொல்லல” என்றாள் மனைவி.

“நீ சொல்லாம இருக்கறதுதான் காதை அடைக்குது.”

மகள் மிச்சமிருந்த பத்திரிகைகளில் இடத்தின் பெயரைப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசம்.

ஃபோர்மன்தான் வீடு தேடி வந்தார். “டேய் ஆறு மாசம், மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டிருக்கே? என் கொட்டகையில வச்சுக்கடா. கமாண்டர்கிட்ட கேட்டாச்சு.”

“அண்ணே, அங்க கிழவி நிக்கறாளே. இந்த வாரம் உடைக்க இழுத்துட்டுப் போறதா சொன்னாங்களே?”

“எங்க உடைக்கறது? வந்தது ரெண்டே ரெண்டுதான். மீதி வர்ற வரைக்கும் கிழவிதான் பறக்கணுமாம். இன்னும் எட்டு வருஷம் ஆயுசு எழுதிட்டாங்க. நானும் சக்கரத்தக் கழட்டி ஜாக்கியில நிறுத்திட்டேன். இப்ப நகத்த முடியாது. இருந்துட்டுப் போறா, வீட்டுப் பெரியவ மாதிரி.”

மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “எண்ணெய் சொட்டுவாளே மாமா?”

“சொட்டுவா. தட்டு வச்சுக்கலாம்மா.”

அப்படித்தான் கிழவியின் இறக்கைக்குக் கீழே கல்யாணம் நடந்தது. இறக்கை நெடுக வண்ண விளக்கு, கீழே நாற்காலிகள், நடுநடுவே எண்ணெய்த் தட்டுகள். மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். “இது நம்ம மேல சாஞ்சிடாதே சம்பந்தி?”

“இத்தனை வருஷமா விழாதவ இன்னிக்கா விழப்போறா?” என்றாள் ஆறு மாசத்தின் மனைவி.

கமாண்டர் வாழ்த்த எழுந்தார். நல்ல மனிதர், புதிதாக மாற்றலாகி வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. “புது விமானம் வந்த நேரம், உங்க இடத்தப் பறிச்சிட்டோம். மன்னிக்கணும். மீதி விமானமும் வந்துட்டா, எல்லாத்துக்கும் இடம் சரியாயிடும். ஆறு மாசம்தான்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஃபோர்மன் நாற்காலியிலிருந்து சரிந்தே போனார். கமாண்டருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆறு மாசத்தின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவரைக் காட்டினாள்.

“இவரும் இங்க ஆறு மாசத்துக்குத்தான் வந்தார் சம்பந்தி.”

அவர் அப்போதும் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் அடிப்பக்கத்தில் ஒரு எண்ணெய்ச் சொட்டு திரண்டு நின்றது. தரையில் புரண்ட மகளின் முந்தானைக்கு நேர் மேலே. எழுந்து போய், முந்தானையை ஒதுக்கிவிட்டு, தட்டைக் காலால் மெல்லத் தள்ளி வைத்தார். சொட்டு அதில் விழுந்தது.

“இன்னும் எட்டு வருஷம்” என்றார், கிழவியின் வயிற்றைத் தட்டி. “பாத்து நடந்துக்க.”