துபாய்க்குப் போன வயல் செய்தி

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடை மாடியில் நானும் நண்பனும் கம்பெனி நடத்தினோம். கம்பெனி என்றால் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, நாங்கள் இருவர். வயலில் சென்சார் வைத்த எங்கள் குழாயை நட்டுவிட்டால், தண்ணீர் குறைந்ததும் விவசாயியின் செல்போனுக்குச் செய்தி போகும். இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. ஒருவரும் வாங்கவில்லை. நண்பனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் போனால் கம்பெனி அவ்வளவுதான். சென்சார் வேலை அவனுக்குத்தான் தெரியும். எனக்குப் பேச மட்டும்தான் தெரியும்.

சும்மா கொடுத்த குழாய்களையாவது எடுத்து வரலாம் என்று தாராசுரம் பக்கம் போனோம். முதல் வயலிலேயே குழாயின் மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"செய்தி வந்துச்சுங்களா?" என்று விவசாயியிடம் கேட்டேன்.

"வந்துச்சு தம்பி. அதுக்கு முன்னாடியே நான் வரப்புல நின்னேன். காலையில வயலைப் பார்க்காம எனக்கு டீ எறங்காதுப்பா."

வெட்கமாகப் போய்விட்டது. என் அப்பா காய்ச்சலோடுகூட வயலைப் பார்க்கப் போவார். நண்பனின் அப்பாவும் அப்படித்தான். அதைச் சிரமம் என்று நினைத்து, ஒழித்துக்கட்டக் கருவி செய்த புத்திசாலிகள் நாங்கள்.

குழாயைப் பிடுங்கப் போனேன். அவர் தடுத்தார்.

"இது குத்தகை நிலம். நிலத்துக்கார பாய் துபாய்ல இருக்காரு. தண்ணி நிக்குதா, பயிர் எப்படி இருக்குன்னு தினம் போன் போட்டு உசுரை வாங்குறாரு. அந்தச் செய்தியை அவருக்கு அனுப்புங்களேன், நான் நிம்மதியா இருப்பேன்."

நண்பன் வரப்பிலேயே உட்கார்ந்து நம்பரை மாற்றினான். கூடவே வயலைப் படம் எடுத்தும் அனுப்பினான். சற்று நேரத்தில் துபாயிலிருந்து அழைப்பு. அவன் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"படத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கேன் தம்பி. வேதாரண்யத்துல என் தம்பி தோப்புக்கும் ஒண்ணு வேணும். இங்க ரூம்ல இருக்கறவங்களும் கேக்குறாங்க. ஆனா ஒண்ணு. மாட்டிட்டு நீங்களும் வெளியூர் கிளம்பிடுவீங்கன்னா வேணாம். ரிப்பேர்னா வந்து பார்க்க ஆள் வேணும். ஊர்லயே இருப்பீங்களா?"

வாயாடியான நான் நண்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவனுக்காக நான் எப்படிப் பதில் சொல்வது? நண்பன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கினான்.

"இருப்போம் பாய். ரெண்டு பேருமே."