குவீன்ஸ்லாந்திலிருந்து வந்த துவக்கு

இணையத்தில் வேறு எதையோ தேடப்போய் அப்பாவின் துவக்கைக் கண்டேன். அது அப்பாவுடையது அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே ஆங்கிலக் கம்பனி அதே காலத்தில் செய்தது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடக்கூடிய ஒல்லியான ரைபிள். மரத்தின் நிறம்கூட அதுதான். குவீன்ஸ்லாந்தில் பழைய துவக்குகள் விற்கும் ஒரு வியாபாரி ஆறு படங்கள் போட்டிருந்தார். ஆறையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது 2011. நாங்கள் மெல்பேர்னில், டண்டினொங்கில் இருந்தோம். நான் யன்னல் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். மனைவி பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

“உதென்னப்பா?”

“துவக்கு.”

“துவக்கெண்டு தெரியுது. ஏன் பாக்கிறியள்?”

“வாங்குவமெண்டு.”

அவள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இனிக் காசு குடுத்து ஒண்டை வீட்டுக்குள்ள கொண்டுவரப் போறியளோ?”

அவள் சொன்னதில் பிழையில்லை. யுத்தம் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவளுடைய வீட்டிலும் ஆட்களை இழந்திருந்தார்கள், என்னுடைய வீட்டிலும் இழந்திருந்தோம். துவக்கு என்ற சொல்லே எங்கள் வீட்டில் வேறு மாதிரித்தான் ஒலிக்கும். ஆனாலும் அப்பாவின் துவக்கை அந்தத் துவக்குகளோடு சேர்த்து எண்ண என்னால் முடிந்ததில்லை.

அப்பா மன்னாரில் நில அளவையாளராக இருந்தவர். கிழமைக்கணக்கில் காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்குவார். யானையும் கரடியும் உள்ள காடு. அதனால் அனுமதிப் பத்திரத்தோடு ஒரு ரைபிள் வைத்திருந்தார். எனக்குத் தெரிந்து அவர் அதை வானத்தை நோக்கித்தான் சுட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் பத்திரிகைத் தாளை விரித்து, அதன்மேல் துவக்கை வைத்து எண்ணெய் போடுவார். நாங்கள் யாரும் தொடக்கூடாது. தள்ளி நின்று பார்க்கலாம். என் அப்பா வீட்டில் இருக்கிறார் என்பதன் வாசனை எனக்கு அந்த எண்ணெய்தான்.

எண்பதுகளின் நடுவில், அனுமதி பெற்ற துவக்குகள் எல்லாவற்றையும் பொலிஸில் ஒப்படைக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா அதை ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார். நான் இன்னொரு சைக்கிளில் கூடப் போனேன். பொலிஸ் நிலையத்தின் பின்னறையில் துவக்குகள் விறகு மாதிரிக் குவிந்து கிடந்தன. பொலிஸ்காரர் விரிப்பை உருவிவிட்டு, அப்பாவின் துவக்கை அந்தக் குவியலின்மேல் எறிந்தார். இரும்பும் மரமும் மோதிய சத்தம் கேட்டது. அப்பா சிங்களத்தில் மெதுவாக, “கொஞ்சம் பார்த்து வையுங்கள்” என்றார். அந்த ஆள் சிரித்தார். திரும்பி வரும் வழி முழுக்க அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் போன அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நான் சைக்கிள் மிதித்தேன். அந்த முதுகு அன்றைக்குக் கூனிப்போனது என்று எனக்குத் தோன்றியது.

துவக்கு திரும்பி வரவேயில்லை. நான் அவுஸ்திரேலியாவுக்கு வந்தேன். அப்பா இடம்பெயர்ந்து, மடுத் தேவாலயப் பக்கம் ஒரு முகாமில் செத்துப்போனார். நான் போகவில்லை. போக வழியும் இருக்கவில்லை.

இதை எல்லாம் மனைவிக்குச் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

இங்கே துவக்கு வாங்குவது லேசான காரியம் இல்லை. உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். பொலிஸ் நிலையத்தில் கைரேகை எடுத்த பெண் அதிகாரி, “எதற்காக உங்களுக்கு ரைபிள்?” என்று கேட்டார். படிவத்தில் உள்ள காரணங்களில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். “சேகரிப்புக்கு” என்றேன். “எத்தனை சேகரிப்பீர்கள்?” “ஒன்று.” அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

எல்லாம் முடிய எட்டு மாதம் ஆனது. குவீன்ஸ்லாந்து வியாபாரி அதுவரை துவக்கை எனக்காக எடுத்து வைத்திருந்தார். இதற்காக யாரும் அடிபடவில்லை, ஆறுதலாக வாருங்கள் என்று தொலைபேசியில் சொன்னார். வீட்டு முகவரிக்கு அனுப்ப முடியாது. டண்டினொங்கில் உரிமம் உள்ள ஒரு துவக்குக் கடைக்கு அனுப்பினார். பெட்டி வந்துவிட்டதென்று கடைக்காரர் அழைத்த அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு, தொழிற்சாலை உடுப்போடேயே போனேன்.

கடைக்காரர் வயதான, பெருத்த உடம்புக்காரர். மேசையில் நீளமான அட்டைப்பெட்டி கிடந்தது. அதன் ஒரு முனை உள்ளே நசுங்கியிருந்தது. “இது எனக்குப் பிடிக்கவில்லை, மேட்,” என்றார். “நீங்கள் வரும்வரை திறக்காமல் வைத்திருந்தேன்.”

கத்தியால் ஒட்டியிருந்த நாடாவை அறுத்தார். உள்ளே கசக்கிய பத்திரிகைத் தாள் மட்டும்தான். அவர் குழலைப் பிடித்துத் தூக்கியபோது பின்பக்க மரம் கூட வரவில்லை. கை பிடிக்கிற ஒடுங்கிய இடத்தில் துண்டாக முறிந்து, ஒரு சிராயில் தொங்கியது. பிறகு அதுவும் அறுந்து மேசையில் விழுந்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு, வேறொரு நாட்டில், வெளிச்சமான ஒரு கடையில் நின்று அதைக் கேட்டேன். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து தாளைப் பொறுக்கினேன். கடைக்காரர் மறுபக்கம் திரும்பி எதையோ அடுக்கினார்.

பிறகு அவரே படம் எடுத்தார், அவரே குவீன்ஸ்லாந்துக்கு அழைத்துப் பேசினார். வியாபாரி முதலில், பெட்டியைக் கொண்டுவந்தவர்கள்மேல் பழி போட்டார். பிறகு, பொதி கட்டியது தன் பிழைதான் என்று ஒத்துக்கொண்டார். திருப்பி அனுப்பலாம், முழுக்காசும் வரும். அல்லது இங்கேயே பசையும் ஆணியும் போட்டு ஒட்டலாம். “கோடு தெரியும்,” என்றார் கடைக்காரர். “ஆனால் உறுதியாக இருக்கும். யோசித்துச் சொல்லுங்கள்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவுக்கு அழைத்தேன். அக்கா மன்னாரிலேயே இருக்கிறாள். அப்பாவைக் கடைசிவரை பார்த்தவள் அவள்தான். அங்கே காலை, பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். துவக்கு வாங்கிய கதையையும், அது உடைந்து வந்த கதையையும் சொன்னேன்.

“உனக்கென்ன விசரே?” என்றாள். பிறகு, “அந்தத் துவக்கே? அதை இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறியோ?”

“அப்பா அதுக்குப் பிறகு பழைய மாதிரி இருக்கேல்லையே, அக்கா. அண்டைக்கு வழி முழுக்க ஒண்டும் கதைக்கேல்ல.”

“உன்னாலதான் கதைக்கேல்ல எண்டெல்லோ அவர் சொன்னவர்.”

எனக்கு விளங்கவில்லை.

“வந்து சைக்கிளை விட்டதும் விடாததுமா அம்மாட்டைச் சொன்னவர், ‘துவக்குப் போனா மயிர் போச்சு, காட்டுக்க சுமக்கிற பாரம் குறைஞ்சுது. இவன்தான் பாவம், முகம் செத்துப்போய் பின்னால வந்தவன். வழியில ஒரு சொல்லுக் கதைச்சாலும் அழுதிடுவான் எண்டு நான் வாயே திறக்கேல்ல’ எண்டு. நான் குசினிக்க அடுப்படியில நிண்டு கேட்டனான்.”

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“தம்பி, லைனில இருக்கிறியோ?”

“ஓம்.”

“முகாமில இருந்த காலத்தில ஒரு நாளும் அவர் துவக்கைப் பற்றிக் கதைச்சதில்ல. உன்ர கடிதம் வந்ததோ எண்டுதான் கேப்பார்.”

அந்த நாட்களில் கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும் என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். நான் குறைவாக எழுதினேன் என்பதும் உண்மை.

அடுத்த கிழமை கடைக்குப் போய், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றேன். கடைக்காரர் படிவங்களை நிரப்ப, நான் கையெழுத்து வைத்தேன். இந்தமுறை அவர் தடித்த பஞ்சுத் தகடுகளை வெட்டி, இரண்டு துண்டுகளையும் தனித்தனியாகச் சுற்றினார். மூடுவதற்கு முன், “வேண்டுமானால் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்,” என்றார். குழல் பக்கத்தை எடுத்தேன். நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. அப்பா இதைத் தோளில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்திருக்கிறார். எண்ணெய் வாசனை வந்தது. அதே வாசனைதானா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் தடவை முகர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஒட்டி வைச்சிருக்கலாமேயப்பா,” என்றாள். “இவ்வளவு பாடுபட்டனீங்கள். நான் பழகியிருப்பன்.”

“வேண்டாம்,” என்றேன். அவள் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுச் சோறு போட எழும்பினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அக்காவுக்கு அழைக்கத் தொடங்கினேன். முன்பெல்லாம் கிறிஸ்மஸுக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும்தான். நான் அங்கே இல்லாத வருடங்களைப் பற்றி, இத்தனை காலம் கேட்கப் பயந்திருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். முகாமில் அப்பா எங்கே படுத்தார்? பாயிலா, கட்டிலிலா? யாரோடு பேசிக்கொண்டிருப்பார்? என்ன சாப்பிட ஆசைப்பட்டார்? அக்கா முதலில் சுருக்கமாகத்தான் சொன்னாள். பிறகு அவளாகவே தொடங்குவாள். முகாமில் ஆட்களுக்கிடையே எல்லைச் சண்டை வந்தால் அப்பா கயிறு பிடித்துக் கொட்டில்களுக்கு இடம் அளந்து கொடுப்பாராம். அவர் அளந்தால் ஒருவரும் எதிர்த்துப் பேசமாட்டார்களாம். அதை எனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“நீ கேட்டு ஒருக்காலும் எழுதேல்லையே,” என்றாள் அக்கா, கோபமில்லாமல்.

போன மாதம், கடைசி நாட்களில் அப்பாவுக்கு யார் முகம் வழித்து விட்டது என்று கேட்டேன். சுத்தமாக வழிக்காமல் அவர் வெளியே இறங்கமாட்டார். அது நினைவுக்கு வந்துதான் கேட்டேன்.

“நான்தான்,” என்றாள் அக்கா. “ரெண்டு தரம் வெட்டிப்போட்டன். பேசாமல் இருந்தவர்.”