மேஸ்திரி விசாரிக்காத ஷாஃப்ட்

“1899, ஆடி, செவ்வாய். விடியற்காலையில் பாறை வெடித்தது. மேஸ்திரி மகள் இறந்தாள். மறுநாள் அந்தப் பையனும்.” என் குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அப்போது நான் மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் கீழே இறங்கும் ஒரு ஷாஃப்ட் வாசலில் கணக்கு எழுதும் ரைட்டர்.

மேஸ்திரி வட ஆற்காட்டுக்காரர். ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்து சுரங்கத்தில் இறக்குகிறவர். யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பது அவர் வாய்ச்சொல். அவரிடம் வேலை செய்த ஒரு பையனும் அவர் மகளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அது அவருக்குத் தெரிந்த மாலை நான் பக்கத்தில் இருந்தேன்.

“எங்க வூட்டாண்ட உனக்கு இன்னாடா வேல?”

“கோழியத் தேடிகினு வந்தேன், மேஸ்திரி.”

“நேத்தும் கோழி, இன்னிக்கும் கோழியா? நாளையிலேர்ந்து நைட் ஷிஃப்ட் போ. கீழ ஒரு கோழியும் ஓடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். பையனும் சிரித்துக்கொண்டே போனான்.

இறங்குகிறவன் தன் பித்தளை வில்லையை என் ஜன்னலில் கொடுத்துவிட்டு இறங்குவான்; அதைப் பலகையில் மாட்டுவேன். ஏறியதும் திரும்ப வாங்கிக்கொள்வான். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று கணக்கு. ஆனால் பாறை சரிந்து வழி அடைபட்டால், பிழைத்தவர்கள் உள்ளுக்குள்ளேயே நடந்து பக்கத்து ஷாஃப்டில் ஏறிவிடுவார்கள். அவர்களுடைய வில்லை என் பலகையிலேயே கிடக்கும். அதனால் வெடிப்புக்குப் பிறகு மேஸ்திரிகள் முதலில் பக்கத்து ஷாஃப்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். இவரும் பல தடவை அனுப்பியவர்தான்.

பாறை வெடித்த அன்று காலை ஷாஃப்ட் வாசலில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி பலகையைப் பார்த்தார். பையனுடைய வில்லை தொங்கியது.

“மேஸ்திரி, அந்த ஷாஃப்டாண்ட கேட்டீங்களா?” என்றேன்.

“பலகையில தொங்குதே, ரைட்டரே. இன்னும் இன்னா கேக்கறது?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீடுகளுக்கு நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். அவர் மகளிடம் சொன்னதை அடுத்த வீட்டு அம்மாள் அப்படியே கேட்டிருக்கிறார்: “அவன் கத முடிஞ்சுது. இனிமேலாவது ஒழுங்கா இரு.”

அவள் கிணற்றில் விழுந்த செய்தி வந்தபோது பையன் பக்கத்து ஷாஃப்டில் ஏறி, உடம்பெல்லாம் புழுதியோடு என் ஜன்னலுக்கு வில்லை கேட்டு வந்திருந்தான். அதை வாங்காமலே ஓடினான். மறுநாள் அவனையும் அதே கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

பிள்ளைகளைச் சாகக் கொடுத்த தகப்பன்மார் கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். கடைசியில் தகப்பன் அழுதால் படிக்கிறவர்களும் அவனோடு அழுதுவிடுகிறார்கள். அடுத்த வருஷம் எங்கள் குடியிருப்பு லைனில் அப்படி ஒரு தெருக்கூத்து நடந்தது. பொழுது விடியும் நேரத்தில், செத்த மகள் மேல் ராஜா விழுந்து அழுதான். கூட்டமே மூக்கைச் சிந்தியது. மேஸ்திரி எழுந்து, “டேய், அவன அழ வுடாதீங்கடா” என்று கத்தினார். குடித்திருக்கிறார் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் குடிக்கிறவர் அல்ல.

விசாரிக்காதது அவசரத்தால் என்றால் அது ஒரு குற்றம். பையன் பிழைத்தது தெரிந்தே மகளிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அதற்கு வேறு பெயர். பக்கத்து ஷாஃப்ட் ரைட்டரைப் பிறகு கேட்டேன். பையன் ஏறியதுமே மேஸ்திரியிடம் சொல்லும்படி ஒரு கூலியாளை அனுப்பினாராம். அந்த ஆள், வழியில் மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னதாக ஒருமுறையும், பார்க்கவே இல்லை என்று மறுமுறையும் சொன்னான். பிறகு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. மகளிடம் பேசும்போது மேஸ்திரிக்கு உண்மை தெரியுமா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.