கப்பம் கேட்ட கடிதம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் தேருக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு காது சூடாகிறது.

நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை பார்க்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் காலையில் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இங்கே பொறுப்பாளராக உயர வேண்டுமென்றால் நேர்முகப் பரீட்சையில் ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டும். எனக்கோ பள்ளிக்கூடத்து ஆங்கிலம் 'மை நேம் இஸ்' என்பதோடு நின்றுபோனது. சரி, போனில் படிப்போம் என்று இறங்கினேன். சொல்லிக்கொடுக்கிற வீடியோக்கள் எல்லாம் ஆப்பிள், வாழைப்பழம் என்று ஆரம்பித்துக் கொட்டாவியை வரவழைத்தன. ஒருநாள் தானாக வேறொரு வீடியோ ஓடத் தொடங்கியது. பழைய காலத்து ராஜாக்களின் கதை. அண்ணன் தம்பிக்குள் சிம்மாசனச் சண்டை, சிலுவைப் போர், ஒரே நகரத்துக்காக இரண்டு மதத்தார் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு சாகிறார்கள். சொல்பவர் நிறுத்தி நிதானமாகச் சொல்வார், கீழே எழுத்தும் ஓடும். அவ்வளவுதான், நான் அதற்கு அடிமையாகிவிட்டேன்.

மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும் காதில் வயரை மாட்டிக்கொள்வேன். புதுச் சொல் வந்தால் நிறுத்தி, அர்த்தம் பார்த்து, கொப்பியில் எழுதுவேன். ஆறு மாதத்தில் கொப்பி நிறைந்துவிட்டது. முற்றுகை, படையெடுப்பு, சரணடைதல், போர்நிறுத்தம், நாடுகடத்தல், எல்லாவற்றுக்கும் எனக்கு ஆங்கிலம் தெரியும். துடைப்பத்துக்குத் தெரியாது. என்னோடு வேலை செய்யும் அக்கா, "பிள்ளைக்கு மூக்கு ஒழுகுதுன்னு இங்கிலீசுல சொல்லு பார்ப்போம்" என்று மடக்குவார். "அதெல்லாம் சின்ன விசயம்க்கா" என்று தட்டிவிடுவேன். திமிர்தான், வேறென்ன!

அந்த அக்கா கத்தோலிக்கர். அவர் குடும்பம் இருப்பது அந்தோனியார் கோயிலை ஒட்டிய லயத்து வரிசை வீட்டில். எங்கள் அம்மன் தேர் தேயிலை ஃபெக்டரிக்குப் போகிற பாதை அந்தக் கோயில் வாசல் வழியாகத்தான் போகும். வாசலுக்கு வந்ததும் தப்பு மேளம் அடிப்பதை நிறுத்திவிடுவார்கள். கத்தோலிக்கக் குடும்பங்கள் அண்டா நிறைய சர்பத் கரைத்து வைத்திருந்து, தேர் இழுக்கிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் மறுபடி தப்பு முழங்கும். அந்தோனியார் திருநாளில் அவருடைய சுருபம், அதாவது சிலை, எங்கள் கோயில் வாசலுக்கு வரும்போது அவர்கள் மேளத்தை நிறுத்துவார்கள், நாங்கள் சர்பத் கொடுப்போம். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

அந்த வருடம் தோட்டத்துக்குப் புது மனேஜர் வந்திருந்தார். எங்கள் பேச்சில் தொரை. ஊர்வலம் எந்த வழியாகப் போகிறது, எங்கே நிற்கிறது என்பதை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதித் தந்தால்தான் அனுமதி என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த நேரம், அம்மன் கோயில் கமிட்டித் தலைவர் நேராக மடுவத்துக்கு வந்தார். "நீதானம்மா எப்பப் பார்த்தாலும் இங்கிலீசு கேட்டுக்கிட்டு இருக்க. ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. அந்த அளவுக்குத் தெரியாதுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'எங்கள் பக்தர் படை கொடிகளோடும் முரசுகளோடும் மேல் லயத்திலிருந்து புறப்படும். கத்தோலிக்கரின் வாசலை அடைந்து நிற்போம். சற்று நேரம் போர்நிறுத்தம் இருக்கும். அவர்கள் வெளியே வந்து எங்களுக்குக் கப்பம் செலுத்துவார்கள். பின்னர் ஃபெக்டரியை நோக்கி முன்னேறுவோம்.'

சிரிக்காதீர்கள். தப்பு நிற்பதற்குப் போர்நிறுத்தம், சர்பத்துக்குக் கப்பம். தோற்ற ராஜா ஜெயித்தவனுக்குக் கட்டுவதுதான் கப்பம் என்று நன்றாகத் தெரியும். ஆனால் பிரியமாகக் கொடுப்பதற்கு என் கொப்பியில் வேறு சொல் இல்லை. தலைவர் தாளைத் தூக்கிப் பார்த்து, "சும்மா சொல்லக்கூடாது, எழுத்து முத்து முத்தா இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியபோது செய்தி வந்தது. தேர் கிடையாது. தொரை பொலிசுக்கும் சொல்லிவிட்டாராம். அதோடு நிற்காமல் அந்தோனியார் கோயில் பெரியவர்களைக் கூப்பிட்டு, உங்களை யாராவது மிரட்டுகிறார்களா என்று விசாரித்திருக்கிறார். எங்கள் ஆட்கள், "அவங்கதான் பெட்டிசன் போட்டுட்டாங்க" என்றார்கள். அந்தப் பக்கம், "நாங்க என்னா செஞ்சோம், எங்க மேல ஏன் பாயுறாங்க?" என்று கொதித்தார்கள். பத்து மணிக்குள் தண்ணிப் பீலியில் குடம் வைக்கிற வரிசை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

அக்கா அன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. மத்தியானம் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார். "நாங்க ஒங்களுக்குக் கப்பம் கட்டணும்னு லெட்டர்ல இருக்காம். கல்யாணமாகி வந்ததுல இருந்து நான்தான் சர்பத் கரைக்கிறேன். எந்தப் பாவி எழுதினதோ!" சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுதியது யார் என்று தலைவரைத் தவிர யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் நான் பார்த்த வீடியோக்களில் எத்தனை சண்டை இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது! திமிரோடு ஒரு கடிதம் போகும், சபையில் வாசிப்பார்கள், அடுத்த காட்சியில் ஊர் எரியும். அதையெல்லாம் நான் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருக்கிறேன்.

"நான்தான்க்கா எழுதினேன்" என்றேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொப்பியை எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொரு சொல்லையும் காட்டி அர்த்தம் கேட்டார். பிறகு கொப்பியாலேயே என் தலையில் ஒன்று போட்டார். "மூக்கு ஒழுகுறதுக்கே தெரியாதவ தொரைக்கு லெட்டர் எழுதப் போனியாக்கும்! வேல முடிஞ்சதும் வா, ஆபீசுக்குப் போறோம்."

சாயந்தரம் ஆபீஸ் விறாந்தையில் கமிட்டித் தலைவரும் ஆட்களும் ஒரு பக்கம், அந்தோனியார் கோயில்காரர்கள் மறுபக்கம் நின்றிருந்தார்கள். நானும் அக்காவும் நடுவால் உள்ளே போனோம். தொரை கடிதத்தைக் காட்டி, இதை எழுதியது நீயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த நேரம் பார்த்து ராஜாக்களின் வார்த்தை எல்லாம் என்னை விட்டு ஓடிவிட்டது. பள்ளிக்கூடத்து ஆங்கிலம்தான் வந்தது. "சேர், மை மிஸ்டேக். வி கம். வி ஸ்டொப் டிரம்ஸ். தே கிவ் ட்ரிங்க். எவ்ரி இயர். தே ஆர் மை பீப்பிள், சேர்." அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, சர்பத் விவகாரம் முழுவதையும் சிங்களத்தில் விளக்கினார்.

தொரை கடிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இந்த வார்த்தைகளை எல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டார். சொன்னேன். மனுசன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, இப்போது வாயால் சொன்னதை அப்படியே எழுது என்றார். விறாந்தை வாங்குப் பலகையில் அக்கா பக்கத்தில் உட்கார, சின்னச் சின்ன வார்த்தையில் ஏழு வரி எழுதினேன். கையெழுத்து வாங்கத் தலைவரிடமும் அந்தோனியார் கோயில்காரர்களிடமும் போனபோது, பிழை முழுவதும் என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஆங்கிலத்தைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. தலைவர் திட்டவில்லை. "எனக்குத்தான் வாசிக்கத் தெரியாது. நீயாச்சும் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு பக்கத்துக் கையெழுத்தோடும் கடிதம் உள்ளே போனது. அனுமதி கிடைத்தது.

தேரன்று அந்தோனியார் கோயில் வாசலில் தப்பு நின்றது. அந்த அமைதியில் சிவப்பு சர்பத் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அக்கா என் முன்னால் வந்து நின்றார். "மகாராணி, இந்தாங்க கப்பம்!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். தேர்வடத்தைப் பிடித்திருந்தவர்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானம் கப்பலேறியது. ஆனாலும் அப்படி இனித்த சர்பத்தை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

போன வருடம் நேர்முகப் பரீட்சைக்குப் போனேன், தேறவில்லை. இந்த வருடம் மறுபடி போகிறேன். ராஜா வீடியோக்களை இன்னும் விடவில்லை. இப்போது காது வயரின் ஒரு முனை அக்காவின் காதில் இருக்கிறது, அடுத்து யார் சிம்மாசனம் ஏறுவார் என்று என்னைவிட அவருக்குத்தான் அவசரம். கொப்பியில் மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரில் ஒரு கேள்வி கூடியிருக்கிறது: இந்தச் சொல்லைத் தோட்டத்தில் யாரிடம் சொல்வேன்? மூக்கு ஒழுகுவதற்கு எதிரில் மடுவத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும் இருக்கிறது. கப்பத்துக்கு எதிரில் ஒன்றும் எழுதவில்லை.

அந்த வீடியோக்களில் எத்தனையோ ராஜாக்கள் வந்து போகிறார்கள், அடுத்தவர் கோயில் வாசலில் முரசை நிறுத்திய ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள், இரண்டு கோயில்காரர்களும் சேர்த்துத்தான், அதை வருடத்துக்கு இரண்டு தடவை செய்கிறார்கள். இந்த முறை பரீட்சையில் உன் ஊரைப் பற்றிச் சொல் என்று கேட்டால், தெரிந்த சின்ன வார்த்தைகளை வைத்தே அதைத்தான் முதலில் சொல்வேன்.